66 செவ்ரோலே சி10: முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவதா, இருக்கிற டிரம் பிரேக்கைச் சரிசெய்து ஓட்டுவதா?

மலைப்பாதை66 · சான் அன்டோனியோ

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1966 செவ்ரோலே சி10 பிக்கப். நீளப் பெட்டி, 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டியரிங் கம்பத்திலேயே மூன்று கியர். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (உள்ளிருந்து ஷூ விரிந்து டிரம்மை அழுத்தும்), மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் கிடையாது, மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது.

ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரியவில்லை. போன மாதம் வான்டர்பூலிலிருந்து மெடினா போகிற 337 ரோட்டில் பெட்டி நிறைய விறகோடு இறங்கினேன். பாதி இறக்கத்தில் பெடல் இருக்க வேண்டிய இடத்தில்தான் நின்றது, கல்லு மாதிரி இருந்தது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் குறையவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து ஒருவழியாக ஓரம் கட்டினேன். முன்சக்கரம் இரண்டிலும் லைனிங் (ஷூவின் மேல் இருக்கிற தேய்மானப் பட்டை) கருகிய வாடை, டிரம் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை.

முன் டிஸ்க், பூஸ்டர், இரட்டை அறை மாஸ்டர், வால்வு எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாக வருகிறதே, அதை வாங்கிப் போட்டுவிடலாமா? ஆறு போல்ட் சக்கரத்தை மாற்ற எனக்கு மனசில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு · மிச்சிகன்

தம்பி, டிஸ்க் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் அந்த ஒற்றை அறை மாஸ்டரைக் கழற்றுங்கள். நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய், ஒரே பிஸ்டன். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தாலோ, பின் ஆக்சில் மேல் போகிற பைப் துருப்பிடித்து ஓட்டையானாலோ நாலு சக்கரமும் ஒரே நொடியில் போய்விடும். சி10-க்கு 1967 மாடலிலிருந்தே ஜிஎம் (செவ்ரோலேயின் தாய்க் கம்பெனி) இரட்டை அறை மாஸ்டர் கொடுத்துவிட்டது. உங்கள் வண்டி ஒரு வருஷத்தில் அதைத் தவறவிட்டது. டிரம்மே வைத்து ஓட்டினாலும் சரி, டிஸ்க் போட்டாலும் சரி, இந்த வேலை மட்டும் கட்டாயம்.

மலையில் நடந்தது என்ன என்று பார்ப்போம். பிரேக் சூடாகிக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. எண்ணெய் கொதித்தால் பைப்புக்குள் ஆவி சேர்ந்து பெடல் தரை வரைக்கும் போய்விடும். லைனிங் சூடேறினால் பெடல் மேலேயே நிற்கும், கெட்டியாகவும் இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. உங்களுடையது இரண்டாவது.

கணக்கும் சொல்கிறேன். விறகோடு வண்டி 1800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் ஏறக்குறைய 7 லட்சம் ஜூல் சூடாக மாறுகிறது, அடுப்பில் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 17 லட்சம் ஜூலுக்கு மேல். எஞ்சின் பிடித்துக்கொள்கிற பங்கு போக மீதி முழுக்க டிரம்முக்குத்தான் போகும். டிரம்மில் தேய்கிற பரப்பு உள்ளே மூடிக் கிடப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறாது, போதாததற்கு டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகவும் செய்யும். டிஸ்க் என்பது இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வுகிற தட்டு, அது வெட்டவெளியில் சுழல்கிறது, விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். வித்தியாசம் இதுதான்.

டிரம்_போதும் · ஓக்லஹோமா

பழைய இரும்பு அண்ணன் சொன்ன இரட்டை மாஸ்டரை நானும் ஒப்புக்கொள்கிறேன். டிஸ்க் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

என் 64 சி10 இன்றைக்கும் நாலு டிரம்மில்தான் ஓடுகிறது. இந்த டிரம்முக்குள் முன் ஷூ டிரம்மோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும், அந்தத் திருப்பம் பின் ஷூவை இன்னும் இறுக்கித் தள்ளும், அதாவது சக்கரத்தின் சுழற்சியே பிரேக்குக்கு உதவி செய்கிறது. அதனால்தான் பூஸ்டர் இல்லாமலே இத்தனை பெரிய வண்டி ஒரு கால் மிதியில் நிற்கிறது. டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, வெறும் அழுத்தம்தான். டிஸ்க் போட்டால் பூஸ்டர் வேண்டும், பூஸ்டருக்கு இடம் வேண்டும், வால்வு வேண்டும், ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும்.

பல வண்டிகளில் டிரம் கெட்டது இல்லை, அதைப் பார்ப்பார் இல்லை. டிரம்மின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். கடைந்து கடைந்து அளவு தாண்டிய டிரம் மெலிந்துபோய்ச் சூடு தாங்காது, ஷூவின் வளைவும் அதோடு பொருந்தாமல் நடுவில் மட்டும் தொடும். நல்ல லைனிங், அளவுக்குள் இருக்கிற டிரம், சரியாக வேலை செய்கிற தானியங்கி அட்ஜஸ்டர், புது ஹோஸ், இறக்கத்தில் மேலேயே கியர் குறைத்துக்கொள்வது, இவ்வளவு இருந்தால் வாரம் ஒருநாள் எடுக்கிற வண்டிக்கு டிரம் போதும்.

முக்கியமான இன்னொன்று, பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைக் கழற்றி உள்ளே காற்று அடிக்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

நீலவண்டி · ஆஸ்டின்

டிரம் போதும் அண்ணா சொல்வது சமதரைக்குச் சரி. அவர் இருக்கிற பக்கம் ரோடு நேராகப் போகிறது. இவர் விறகு ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறார், மழையிலும் ஓட்டுவார். நனைந்த டிரம் முதல் இரண்டு மிதிக்குப் பிடிக்காது, பிடிக்கும்போதும் ஒரு பக்கம் முதலில் பிடித்து வண்டியை இழுக்கும். சி10-க்கு 1971-இல் ஜிஎம்மே முன் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டது, காரணமில்லாமல் கொடுக்கவில்லை. நான் என் 70 சி10-இல் மாற்றிவிட்டேன், திரும்பிப் போக மாட்டேன்.

ஆனால் கிட் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இதைப் போடாமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு "டிஸ்க் போட்டும் நிற்கவில்லை" என்று புலம்புகிறார்கள். பெடலை 100 பவுண்டு மிதிக்கிறீர்கள், பெடல் நெம்புகோல் ஆறு மடங்கு, ஆக மாஸ்டருக்குப் போவது 600 பவுண்டு. மாஸ்டரின் துளை 1 அங்குலம் என்றால் பைப்பில் ஏறக்குறைய 760 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதையே 1⅛ அங்குலமாக்கினால் 600 பிஎஸ்ஐதான். முன் டிஸ்க் நன்றாகப் பிடிக்க 1000 பிஎஸ்ஐ பக்கம் வேண்டும். "பெரிய மாஸ்டர் போட்டால் பெரிய பிரேக்" என்று நினைப்பது தலைகீழ். பெரிய துளை எண்ணெயை அதிகம் தள்ளும், பெடல் கொஞ்ச தூரத்திலேயே நிற்கும், அழுத்தம் குறையும். சின்னத் துளை அழுத்தம் கொடுக்கும், பெடல் கூடுதல் தூரம் போகும். பூஸ்டர் இல்லை என்றால் 1 அங்குலம், பூஸ்டர் இருந்தால் 1⅛. அப்புறம் பூஸ்டர் போட்டால் பெடல் நெம்புகோல் நாலு மடங்கு போதும், கிட்டோடு வருகிற சாய்ந்த பிராக்கெட் அதற்குத்தான்.

உங்கள் 250 எஞ்சின் கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கிற தண்டு) மாற்றாத எஞ்சின்தானே? அப்படியென்றால் சும்மா ஓடும்போது 18 அங்குலம் பாதரசம் அளவுக்கு வெற்றிடம் கிடைக்கும், எஞ்சின் வெற்றிடத்தில் வேலை செய்கிற சாதாரண பூஸ்டருக்கு அது தாராளம். என் வண்டியில் கேம் பெரியது, வெற்றிடம் போதவில்லை, அதனால் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ரோபூஸ்ட் போட வேண்டியதாயிற்று.

மலைப்பாதை66

ரொம்ப நன்றி அக்கா. கேம் மாற்றவில்லை. டிஸ்க் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறு போல்ட் சக்கரத்தோடு முடியுமா என்பதுதான் மிச்சம்.

பழைய_இரும்பு

முடியும். 1970 வரைக்கும் சி10-க்கு 5½ அங்குல வட்டத்தில் ஆறு போல்ட், 71-லிருந்து 5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட். பழைய இரும்புக் கடையிலிருந்து 71-72 முன்பாகத்தை எடுத்துப் போட்டால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிடும், ஸ்டெப்னி இரண்டு தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சிலர் 73-87 வண்டியின் முன் கிராஸ்மெம்பரை (சட்டத்தின் குறுக்குத் தாங்கி) அப்படியே கழற்றிப் பொருத்துகிறார்கள், உறுதியானதுதான், ஆனால் உங்களுக்கு அவ்வளவு வேலை தேவையில்லை. ஆறு போல்ட் ரோட்டரோடு (டிஸ்க் தட்டு), இருக்கிற ஸ்பிண்டிலில் (முன்சக்கரம் சுழல்கிற அச்சு) பிராக்கெட் வைத்து மாட்டுகிற கிட் கிடைக்கிறது. ஜிஎம்மின் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பருக்கு (பேடை அழுத்துகிற கவ்வி) செய்ததா என்று பாருங்கள். அந்தக் காலிப்பருக்கான டி52 பேட் எந்த ஊர் கடையிலும் நின்றபடி வாங்கலாம்.

வாங்குமுன் உங்கள் 15 அங்குல இரும்புச் சக்கரத்தின் உட்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள். டிரம்முக்குச் செய்த சில சக்கரங்கள் காலிப்பரில் உரசும்.

ஸ்கார்பரோ_கராஜ் · டொராண்டோ

தம்பி, எல்லாரும் சக்கரத்தையும் பூஸ்டரையும் பற்றித்தான் கதைக்கிறார்கள், நடுவில இருக்கிற பைப்பை ஒருவரும் கேட்கவில்லை. இங்கே றோட்டில உப்புப் போடுவார்கள், அதனால எனக்கு வருகிற பழைய வண்டிகளில கனக்க வேலை பைப் வேலைதான். டெக்சாஸில துரு குறைவு, ஆனால் உங்கட ரப்பர் ஹோசுக்கும் வயது ஒன்றுதான். பழைய ஹோஸ் ஒன்றை நடுவில வெட்டிப் பாருங்கோ. வெளியில வடிவாக இருக்கும், உள்ளே ரப்பர் ஊதிப்போய் ஒரு தையல் ஊசி போகிற துவாரம் மட்டும் மிச்சமிருக்கும். மிதிக்கும்போது நீங்கள் கொடுக்கிற பலத்தில எண்ணெய் அதற்குள்ளால போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடி நிற்கும். மூன்று ஹோசையும் மாற்றுங்கோ, முன்னுக்கு இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று.

பைப் புதிதாகப் போடுவதென்றால் செம்பு-நிக்கல் கலவைப் பைப் வாங்குங்கோ. கையால வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில வெடித்துப்போகும்.

நுனியை விரிக்கிற வேலை நிதானமாகச் செய்ய வேண்டும். பைப்பை நேராக வெட்டி, உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுத்து, நட்டை முதலில கோர்த்து, அச்சுப்பாளத்தின் உயரத்துக்கு நுனியை வெளியில விட்டு இறுக்குங்கோ. முதல் அழுத்தில நுனி குமிழ் மாதிரி உப்பும், இரண்டாவது அழுத்தில அந்தக் குமிழ் உள்ளுக்கு மடிந்து இரண்டு தட்டாக உட்காரும். அதுதான் 45 பாகை இரட்டை விரிப்பு. மடிந்த விளிம்பு சுற்றிவர ஒரே அகலமாக, வெடிப்பில்லாமல் மினுங்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கோ. ஒற்றை விரிப்பு பிரேக்குக்கு ஆகவே ஆகாது.

டிரம்_போதும்

கராஜ் அண்ணன் சொன்ன ஹோஸ் கதை நூற்றுக்கு நூறு உண்மை. பிரேக் எண்ணெயில் டாட் 3 என்கிற தரம் போதும், டாட் 4 இன்னும் நல்லது. புதிதாக இருக்கும்போது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்த பிறகு 140 வரைக்கும் இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. சிலிக்கான் டாட் 5 பெயின்ட்டைத் தின்னாது என்று சிலர் ஊற்றுகிறார்கள், ஆனால் அது மற்ற எண்ணெயோடு சேராது, அதில் புகுந்த காற்றும் லேசில் வெளியே வராது. மலை இறங்குகிற வண்டிக்கு டாட் 4 ஊற்றி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மலைப்பாதை66

கிட் மாட்டியாயிற்று. பைப் எல்லாம் புதுசு, ஹோஸ் மூன்றும் புதுசு, மாஸ்டரை மேஜையில் வைத்துக் காற்று எடுத்துவிட்டுத்தான் பொருத்தினேன். பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசையில் காற்று எடுத்தேன். பெடல் நன்றாக இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். கிளம்பும்போது வண்டி லேசாக உருளுகிறது, நாலைந்து மைல் போனதும் முன்சக்கரம் இரண்டும் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறது. நிறுத்திப் பார்த்தால் ரோட்டர் கொதிக்கிறது. ஆற விட்டால் சரியாகிவிடுகிறது. எங்கே பார்ப்பது?

ஸ்கார்பரோ_கராஜ்

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் காலிப்பரையும் ஹோசையும் விடுங்கோ, மேலே பொதுவான இடத்திலதான் கோளாறு. வண்டியை ஓட்டி, பிடிக்கத் தொடங்கியதும் கொண்டுவந்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில வையுங்கோ. பிறகு மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்குங்கோ.

முதலில மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் தளர்த்தி, மாஸ்டரைக் கொஞ்சம் முன்னுக்கு இழுங்கோ. சக்கரம் விடுபட்டால் பூஸ்டரிலிருந்து மாஸ்டரைத் தள்ளுகிற தள்ளுகோல் நீளம் கூடிப்போச்சு என்று அர்த்தம். பிஸ்டன் முழுக்கப் பின்னுக்கு வராமல், எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிற சின்னத் துவாரத்தை மூடிக்கொண்டு நிற்கும். தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும்.

விடுபடவில்லை என்றால் மாஸ்டரில முன்சக்கரத்துக்குப் போகிற பைப் நட்டைத் தளர்த்துங்கோ, துணி பிடித்துக்கொண்டு. எண்ணெய் பீச்சி அடித்து சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டருக்குள்ளே. அப்பவும் விடவில்லை என்றால் அடுத்தது வால்வு, அதற்கும் கீழே ஹோஸ். ஒவ்வொரு ப்ளீடரை (சக்கரத்தில காற்று எடுக்கிற திருகு) திறக்கும்போதும் அந்தச் சக்கரம் மட்டும் விட்டால் ஹோஸ். ப்ளீடர் திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ, அது நழுவுகிற போல்ட்டோ இறுகிப்போச்சு.

மலைப்பாதை66

செய்து பார்த்தேன். மாஸ்டரைத் தளர்த்தியதில் மாற்றமில்லை. முன் பைப் நட்டைக் கால் சுற்று திருப்பினதும் எண்ணெய் பீச்சியது, இரண்டு சக்கரமும் சட்டென்று விட்டுவிட்டது. கையால் சுற்றினால் சுற்றுகிறது.

பழைய_இரும்பு

அப்படியானால் மாஸ்டரின் அந்தத் துவாரத்துக்குள் மிச்ச அழுத்த வால்வு இருக்கிறது, பந்தயம் கட்டுவேன். டிரம்முக்கு அது வேண்டும். காலை எடுத்த பிறகும் 10 பிஎஸ்ஐ அளவுக்குப் பிடித்து வைத்திருக்கும், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு விரிந்தே இருந்து காற்று உள்ளே புகாமல் காக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த 10 ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் பேடைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங்கே கிடையாது, அதே 10 பேடை ரோட்டரோடு ஒட்டி வைத்திருக்கும். ஓட ஓடச் சூடு, சூட்டில் எண்ணெய் விரியும், பிடி இன்னும் இறுகும்.

எண்ணெயை இறக்கிவிட்டு, துவாரத்துக்குள் இருக்கிற பித்தளை இருக்கையின் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை மெதுவாக விட்டுப் பாருங்கள். வால்வு இல்லாத துவாரத்தில் கம்பி நேராக உள்ளே போகும். இருந்தால் ரப்பர் மாதிரி தடுக்கும்.

மலைப்பாதை66

தடுக்கிறது அண்ணா! இரண்டு துவாரத்திலும் தடுக்கிறது. ஆக டிரம்-டிரம் மாஸ்டரைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர்களிடம் பேசினேன், மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள்.

நீலவண்டி

புது மாஸ்டர் வந்ததும் இரண்டு அறையையும் பாருங்கள், டிஸ்க்-டிரம் மாஸ்டரில் ஒன்று பெரிதாக இருக்கும். பெரியது முன் டிஸ்க்குக்கு. பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து எண்ணெயை இழுத்துக்கொள்ளும், அதற்காகத்தான் அந்த அளவு. பைப்பை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

காலிப்பரையும் ஒரு பார்வை பாருங்கள், ப்ளீடர் மேல்பக்கம்தானே இருக்கிறது? என் சிநேகிதி வண்டியில் இடது, வலது மாறி மாட்டியிருந்தது. ப்ளீடர் கீழே போய்விட்டதால் மேலே தங்கிய காற்று எவ்வளவு ப்ளீட் செய்தாலும் வரவே இல்லை, பெடல் பஞ்சு மாதிரியே கிடந்தது.

மலைப்பாதை66

ப்ளீடர் மேலேதான் இருக்கிறது. சரியான மாஸ்டர் வந்து மாட்டிவிட்டேன். சக்கரம் பிடிப்பது அடியோடு நின்றுவிட்டது. 30 மைல் வேகத்திலிருந்து 5 மைலுக்குக் குறைத்து, அரை நிமிடம் ஆறவிட்டு, திரும்பத் திரும்பச் செய்து பேடைப் பதமாக்கினேன். காலி மைதானத்தில் ஓங்கி மிதித்ததில் வண்டி நேராக நின்றது.

இப்போது இருக்கிற ஒரே குறை, பெட்டி காலியாக இருக்கும்போது ஈர ரோட்டில் கொஞ்சம் வேகமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு பின்பக்கம் வழுக்குகிறது.

பழைய_இரும்பு

பிக்கப்புக்கே உரிய தொல்லை அது. காலிப் பெட்டியில் பின் ஆக்சில் மேல் எடை குறைவு, பிரேக் பிடித்தால் இருக்கிற எடையும் முன்னால் சாய்ந்துவிடும். கிட்டோடு வந்த கூட்டு வால்வு இரண்டு வேலை செய்கிறது. பின் ஷூக்கள் ஸ்பிரிங்கை வென்று டிரம்மைத் தொடுகிற வரைக்கும் முன் டிஸ்க்கைக் கொஞ்சம் தடுத்து வைக்கும், பலமாக மிதிக்கும்போது பின்னால் போகிற அழுத்தம் ஏறுவதைக் குறைக்கும். ஆனால் அது ஒரே அளவில் செய்து வைத்தது, உங்கள் வண்டியின் எடைக்கு என்று செய்ததில்லை. பின் பைப்பில், பின்னால் போகிற அழுத்தத்தைக் குறைக்கிற, திருகி மாற்றக்கூடிய அளவு வால்வு போடுங்கள், ஆனால் இரண்டு அளவு வால்வு வரிசையாக வரக்கூடாது. கூட்டு வால்விலிருந்து பின் பாகத்தின் உள்ளுறுப்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முன்னுக்குத் தடுப்பு வால்வு மட்டும் தனியாகப் போட வேண்டும்.

காலி வண்டியில், ஈர மைதானத்தில், முன்சக்கரம் பூட்டி ஒரு கணம் கழித்துத்தான் பின்சக்கரம் பூட்டுகிற மாதிரி திருகி வையுங்கள். விறகு ஏற்றினால் பின்னால் இன்னும் கொஞ்சம் பிடிக்க இடமிருக்கும், அதை விட்டுக்கொடுங்கள். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுற்றிவிடும், முன்சக்கரம் பூட்டினால் நேராகவாவது போகும்.

டிரம்_போதும்

வால்வைத் திருகுமுன் பின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஆக்சில் சீல் கசிந்து ஷூவில் எண்ணெய் பட்டிருந்தாலும் ஒரு பக்கம் தாறுமாறாகப் பிடிக்கும், வீல் சிலிண்டர் கசிந்தாலும் அப்படித்தான். ரப்பர் மூடியை நகத்தால் தூக்கினால் உள்ளே ஈரம் தெரியும்.

மலைப்பாதை66

பார்த்துவிட்டேன், இடது பின் வீல் சிலிண்டரில் ஈரம் இருந்தது. இரண்டு பக்கமும் புதுசு மாட்டி, ஷூவும் மாற்றி, ஹேண்ட் பிரேக் கேபிளைத் திரும்ப இறுக்கினேன். திருகு வால்வு அடுத்த சனிக்கிழமை. கராஜ் அண்ணா, பைப் நட்டு எல்லாவற்றையும் இன்னொரு தடவை இறுக்கிவிடட்டுமா?

ஸ்கார்பரோ_கராஜ்

சும்மா இறுக்க வேண்டாம் தம்பி, கூட இறுக்கினால் விரித்த நுனி வெடிக்கும். முன்னூறு மைல் ஓடின பிறகு ஒவ்வொரு நட்டையும் சுற்றி ஒரு காய்ந்த வெள்ளை டிஷ்யூவால ஒற்றிப் பாருங்கோ, ஒருவர் பெடலை மிதித்தபடி இருக்க. ஈரம் பட்ட நட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தித் திரும்ப இறுக்குங்கோ. அதற்கும் நிற்கவில்லை என்றால் அந்த நுனியை வெட்டி, புதிதாக விரிக்க வேண்டும். அதற்காகத்தான் பைப்பில எப்போதும் ஒரு வளைவு மிச்சம் விட்டு வைக்கச் சொல்வது.